பழமைவாதி, பிற்போக்குவாதி, வலதுசாரி: மூன்றும் ஒன்றா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். மாற்றத்தை எதிர்க்கிறவர்களைக் குறிக்க பழமைவாதி, பிற்போக்குவாதி, வலதுசாரி, மரபுவாதி, அடிப்படைவாதி, சனாதனி என்று பல சொற்கள் புழங்குகின்றன. எல்லாம் ஒன்றுதானா, வேறுபாடு உண்டா என்பது முதல் கேள்வி. தொழிற்சங்கத்தில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவர் தொழிலாளர் சட்டத் திருத்தத்தை எதிர்த்துப் பேசியிருக்கிறார். அதைக் கேட்ட நண்பர் அவரைப் 'பிற்போக்குவாதி' என்றுவிட்டார். இடதுசாரியான ஒருவரை அப்படிச் சொல்வது சரியா என்பது இரண்டாவது. கட்டுரை எழுதும்போது யார் மீதும் சேறு பூசாத ஒரு பொதுச்சொல் கிடைக்குமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இந்தச் சொற்கள் ஒருவரின் குணத்தைச் சொல்கின்றனவா, அவர் எடுத்த நிலைப்பாட்டைச் சொல்கின்றனவா, இல்லை சொல்கிறவரின் கோபத்தை மட்டும் சொல்கின்றனவா?

கல்லூரியில் அரசியல் சிந்தனை வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். இந்தச் சொற்கள் எப்போது, எந்தச் சண்டையில் பிறந்தன என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மாற்றத்தைக் கண்டு அஞ்சுவது பிறவிக் குணமா என்பது உளவியலாளர்கள் பேச வேண்டிய விஷயம். அதற்குள் நான் போகவில்லை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் காலத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்ல உருவானவை. இருப்பதைக் காப்பவர், போனதை மீட்க நினைப்பவர், பழக்கத்தை விடாதவர், மூலநூலுக்குத் திரும்பச் சொல்பவர் ஆகிய நால்வரும் வேறு வேறு ஆட்கள். நால்வரையும் ஒரே பெயரால் அழைத்தால், யாரோடு எதைப் பேசி ஒத்துப்போக முடியும், யாரோடு முடியாது என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

வலதுசாரி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதன் பிறப்பு ஓர் உட்காரும் இடம். 1789 கோடையின் கடைசியில் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு தேசியச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி வந்தது: சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு இருக்க வேண்டுமா? வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கத்தில் சேர்ந்து உட்காரத் தொடங்கினார்கள். வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கத்தில். எதிர்த்தரப்பின் கூச்சலும் வசவும் காதில் விழாமல் இருக்கத்தான் மதத்துக்கும் மன்னருக்கும் விசுவாசமான நாங்கள் வலப்பக்கம் போனோம் என்று பிரபு ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். ஆக, இந்தச் சொல்லுக்குள் தத்துவம் எதுவும் முன்கூட்டியே அடைக்கப்படவில்லை. அன்றைய குறிப்பிட்ட ஒரு மாற்றத்துக்கு எதிராக நின்றவர்கள் என்பது மட்டுமே பொருள். பிறகுதான் தனிச்சொத்து, தேசம், மதம், சந்தை என்று நாட்டுக்கு நாடு வெவ்வேறு சரக்குகள் அதில் ஏறின. அதனால் 'வலதுசாரி' என்பதை 'மாற்றத்தை எதிர்ப்பவர்' என்பதற்கு மாற்றுச் சொல்லாகப் பயன்படுத்தினால் பல இடங்களில் தப்பாகிவிடும். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பழமைவாதி. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு இணையாக உள்ள சொல்லின் வேர்ப்பொருள் 'பேணுபவர், காப்பவர்'. அரசியல் அடையாளமாக அதைப் பரவலாக்கியது 1818இல் எழுத்தாளர் ஷத்தோபிரியான் தொடங்கிய பிரெஞ்சு இதழ். அதன் பெயரே அதுதான். பிரிட்டனில் 1830இல் ஒரு காலாண்டிதழ்க் கட்டுரை, அங்கிருந்த இரு பெரும் கட்சிகளில் ஒன்றான டோரி கட்சியை இனி இப்படி அழைப்பது பொருத்தம் என்று எழுதியது. கட்டுரையை எழுதியவர் ஜான் வில்சன் குரோக்கர் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது உறுதியில்லை என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. 1834இல் அந்தக் கட்சியின் தலைவர் ராபர்ட் பீல் தன் டாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு எழுதிய அறிக்கைதான் அந்தக் கட்சியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதில் அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. வாக்குரிமையை விரிவாக்கிய 1832ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் முன்பு எதிர்த்தவர். இப்போதோ, அது முடிந்த விஷயம், அதைத் திருப்பப் போவதில்லை, உண்மையான குறைகள் இருந்தால் நிதானமாகத் திருத்துவோம் என்றார். வந்துவிட்ட மாற்றத்தை இருப்பதன் பகுதியாக ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து காவல் காப்பதுதான் இந்த நிலைப்பாட்டின் உயிர்நாடி.

இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் அந்தப் பெயரை ஒருபோதும் தனக்குச் சூட்டிக்கொண்டதில்லை. அவர் இருந்ததும் எதிர்க்கட்சியான விக் கட்சியில். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காக வாதாடினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடுமைகளுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றிய விசாரணையை 1788 முதல் முன்நின்று நடத்தியவரும் அவரே. அதே மனிதர்தான் 1790இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதினார். மாற்றத்துக்கு வழியே இல்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்ற கருத்தும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஆக, மாற்றமே கூடாது என்பது அவர் வாதம் அல்ல; அடியோடு இடித்துவிட்டு ஏட்டில் வரைந்த திட்டப்படி கட்டாதே என்பதுதான். நம் சொல்லில் 'பழமை' என்ற பகுதி முன்னால் நிற்பதால், பழையதை விரும்புகிறவர் என்ற தவறான படம் மனதில் விழுந்துவிடுகிறது. அவர் காப்பது பழையதை அல்ல, இன்று நடப்பில் இருப்பதை. அது நேற்று வந்ததாகவும் இருக்கலாம்.

பிற்போக்குவாதி அப்படியல்ல. இந்தச் சொல்லின் ஐரோப்பிய மூலம் இயற்பியலிலிருந்து வந்தது: ஒரு விசைக்கு எழும் எதிர்விசை. 1794 ஜூலையில் பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரத் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்த பிறகு, புரட்சி செய்தவற்றைத் திருப்பிப் போட முனைந்தவர்களைக் குறிக்க அது அரசியலுக்குள் நுழைந்தது. 1797இல் அரசியல் எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் இந்த எதிர்விசை பற்றித் தனி நூலே எழுதினார். இருப்பதைக் காப்பவருக்கும் திருப்பப் பார்ப்பவருக்கும் உள்ள கோட்டை மிகத் தெளிவாகப் போட்டவர்கள் மார்க்சும் ஏங்கல்சும். சிறு உற்பத்தியாளர், கடைக்காரர், கைவினைஞர் முதலியோர் முதலாளிகளை எதிர்ப்பது புரட்சிக்காக அல்ல, தங்கள் இருப்பைக் காத்துக்கொள்ள. ஆகவே அவர்கள் காப்பவர்கள். அதற்கும் மேலே, வரலாற்றுச் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டப் பார்ப்பதால் பிற்போக்காளர்கள் என்று 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் அறிக்கையில் எழுதினார்கள். 'அதற்கும் மேலே' என்ற அந்த ஒரு படிதான் இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள தூரம்.

நடைமுறையில் இந்தத் தூரத்தைப் பார்க்க இரண்டு சகோதரர்களை எடுத்துக்கொள்ளலாம். நெப்போலியன் வீழ்ந்த பின் பிரான்சின் அரியணைக்குத் திரும்பிய பதினெட்டாம் லூயி, 1814இல் ஓர் அரசியல் சாசனத்தை வழங்கினார். புரட்சிக்காலத்தில் கைமாறிய நிலங்கள் வாங்கியவர்களிடமே இருக்கும் என்றார், இரு அவைகளைக் கொண்ட நாடாளுமன்றத்தையும் ஏற்றார். மனதுக்குப் பிடித்துச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் செய்தார். அவருக்குப் பின் வந்த தம்பி பத்தாம் சார்ல்ஸ் 1825இல் ரைம்ஸ் பேராலயத்தில் பழைய முறைப்படி முடிசூட்டிக்கொண்டார். புரட்சியில் நிலம் இழந்து வெளிநாடு ஓடிய பிரபுக்களுக்குப் பெருந்தொகை இழப்பீடு கொடுக்கச் சட்டம் வந்தது. தேவாலயப் புனிதப் பொருள்களை அவமதித்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று இன்னொரு சட்டம். 1830 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்தி, சட்டமன்றத்தைக் கலைத்து, வாக்காளர் வட்டத்தைச் சுருக்கினார். சில நாள்களில் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன, அவர் முடி போயிற்று. அண்ணன் காப்பவர், தம்பி திருப்பப் பார்த்தவர். இந்தச் சகோதரர்களின் பூர்பன் வம்சத்தார் எதையும் கற்கவில்லை, எதையும் மறக்கவில்லை என்று அக்கால ராஜதந்திரி தாலிராண்ட் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர்தான் சொன்னாரா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் தம்பிக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

'பிற்போக்கு' பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முற்போக்கு, பிற்போக்கு என்ற இணையைப் பயன்படுத்துகிறவர், வரலாறு ஒரு திசையில் போகிறது, அந்தத் திசை எது என்று எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அதை நிரூபிக்கும் பொறுப்பு சொல்கிறவருக்கு உண்டு. அடிமை முறை மீண்டும் வர வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று ஒருவர் பேசினால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவது சுலபம். ஒரு வரி விகிதம் மாறக் கூடாது என்கிறவரிடம் அதே சொல்லை வீசினால் சொல் கனம் இழக்கிறது, நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான்.

காப்பவர், திருப்பப் பார்ப்பவர் ஆகிய இருவருக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு, தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் வளையாதவர்கள். 1909இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அரசின் வரவுசெலவுத் திட்டத்தை நிராகரித்தது. அதன் விளைவாக, அந்தச் சபையின் தடுப்பதிகாரத்தைப் பறிக்கும் மசோதா 1911இல் வந்தது. நிதி மசோதாக்களை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது, மற்றவற்றை இரண்டு ஆண்டு தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். மசோதா தோற்றால் நூற்றுக்கணக்கில் புதுப் பிரபுக்களை உருவாக்கி நிறைவேற்ற மன்னர் சம்மதம் தந்திருந்தார். ஆக, எதிர்த்துப் பயனில்லை. அப்படியும் எண்பத்தேழு வயது ஹால்ஸ்பரி பிரபு தலைமையில் ஒரு கூட்டம் கடைசி அகழி வரை நின்று சாவோம் என்று நின்றது. ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு வாக்கெடுப்பு: 131க்கு 114. மசோதா வென்றது. 'சுலபத்தில் சாகாதவர்கள்' என்று அவர்களுக்கு அன்று ஒட்டிய பெயர், 1811இல் அல்புவேராப் போரில் அடியோடு சிதைந்தும் பின்வாங்காத ஒரு காலாட்படைப் பிரிவின் பட்டப்பெயர். நம் பக்கத்தில் 'கடும்போக்காளர்' என்பது இதற்கு ஓரளவு நெருங்கி வரும். கவனியுங்கள், இது எதைக் காக்கிறார் என்பதைச் சொல்லும் சொல் அல்ல, எவ்வளவு பிடிவாதமாகக் காக்கிறார் என்பதைச் சொல்வது. ஆகவே இடது, வலது இரண்டு பக்கமும் இதைப் பயன்படுத்தலாம்.

மரபுவாதி, அடிப்படைவாதி இரண்டையும் குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம். சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1920களில் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார். பழகியதை விட மனம் வராமை எல்லாக் காலத்திலும் எல்லா மனிதரிடத்திலும் உண்டு. அதற்குக் கொள்கை தேவையில்லை, அது மரபுப்பற்று. அந்த மரபுக்கு வெளியிலிருந்து சவால் வந்து, ஏன் இதைக் காக்க வேண்டும் என்று யோசித்து வாதம் கட்டும்போதுதான் அது அரசியல் நிலைப்பாடாகிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் புதிய முறையில் எதையும் செய்ய மறுப்பதைக் கொள்கை என்று சொல்ல முடியாது. பத்தாம்பசலி, கட்டுப்பெட்டி போன்ற நம் வழக்குச் சொற்கள் இந்த மரபுப்பற்றைக் கிண்டல் செய்பவை. அரசியல் எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை என்பது என் கருத்து. (பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்காண்டு, அதன் பத்தாம் ஆண்டுக் காலத்து ஆள் என்பதுதான் பத்தாம்பசலி என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் சொல்லாராய்ச்சி என் துறை அல்ல.)

அடிப்படைவாதியோ பல சமயம் மரபுக்கே எதிரி. அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள் சிலர் 1910 முதல் 1915 வரை தங்கள் நம்பிக்கையின் அடிப்படைகளை விளக்கித் தொடர் வெளியீடுகளைக் கொண்டுவந்தார்கள். 1920இல் ஒரு பாப்டிஸ்ட் வார இதழின் ஆசிரியர் அவற்றுக்காகப் போராடுகிறவர்களுக்கு இந்தப் பெயரைப் பெருமையாகச் சூட்டினார். வசையாக மாறியது பிற்பாடுதான். மூலநூலில் உள்ளதே சரி, இடையில் வந்தது எல்லாம் கலப்படம் என்பது இந்த நிலைப்பாடு. அப்படியானால் பாட்டன் பூட்டன் காலத்துச் சடங்கையும் விழாவையும் முதலில் ஒழிக்க வருகிறவர் இவராகவே இருப்பார். இருப்பதை அப்படியே காக்க நினைக்கும் பழமைவாதிக்கு இவர் பெரிய தலைவலி. இருவரையும் ஒரே பையில் போடுகிறவர்கள், சொந்த மதத்துக்குள்ளேயே நடக்கும் சண்டையைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

சனாதனி என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கல். 1933-34இல் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் சுற்றியபோது கறுப்புக்கொடி காட்டியவர்கள் தங்களைச் சனாதனிகள் என்றே அழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பல ஆண்டு முன்பே, 1921இல், 'நான் ஒரு சனாதன இந்து' என்று தன் பத்திரிகையில் எழுதியவர் அதே காந்தி. மாற்றத்தைக் கொண்டுவருகிறவரும் தடுக்கிறவரும் ஒரே பெயருக்கு உரிமை கோரினார்கள். ஒரு சொல் இப்படிப் போர்க்களமாக இருக்கும்போது, அதை வெறும் விவரணைச் சொல்லாக எழுதினால் ஒரு தரப்பில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சேர்வது தப்பில்லை, தெரிந்து சேர வேண்டும்.

சரி, ஒரே மனிதருக்கு ஒரே சொல் எல்லா விஷயத்திலும் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது. திலகரைப் பாருங்கள். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது அவர் தீவிரவாதிகளின் தலைவர். ஆங்கில ஆட்சியிடம் மனு கொடுத்துக் காத்திருந்தது போதும் என்றவர். (அன்று அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை.) அதே திலகர் 1891இல், பெண்ணோடு உடலுறவு கொள்வதற்கான குறைந்தபட்ச வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை மூர்க்கமாக எதிர்த்தார், அன்னிய அரசு நம் சமூக வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்றார். அவர் கேலி செய்த மிதவாதிகளில் பலர் அந்தச் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ராஜாஜியும் அப்படியே. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தபோது, நுழைவை அனுமதித்தவர்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது அவர் அரசு. 1953இல் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தரப்பு வைத்த பெயர் நின்றுவிட்டது, அரசு வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, அரசின் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை மாற்ற வேண்டும் என்றார். கோயில் விஷயத்தில் மாற்றம் கொண்டுவந்தவர், கல்வித் திட்டத்தில் குலத்தொழிலை நிலைநிறுத்துகிறார் என்று குற்றம் சாட்டப்பட்டவர், பொருளாதாரத்தில் நடப்பு ஏற்பாட்டையே உடைக்கச் சொன்னவர். எந்த ராஜாஜியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் பெயர் வைக்க முடியாது.

இனி உங்கள் உறவினர். இடதுசாரி ஒருவர் மாற்றத்தை எதிர்க்கலாமா என்றால், தாராளமாக எதிர்க்கலாம், எதிர்த்தும் இருக்கிறார்கள். 'வலதுசாரி' பற்றிப் பேசும்போது மேலே பாதியில் விட்டது இதைத்தான். 1979இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர், 'காப்பவர்கள்' என்று பெயர் கொண்ட கட்சியின் தலைவர். ஆனால் தொலைபேசி, எரிவாயு என்று அரசு நிறுவனங்களை வரிசையாகத் தனியாருக்கு விற்று, போருக்குப் பின் முப்பது ஆண்டுகளாக இரு கட்சிகளும் ஒப்புக்கொண்டு வந்த ஏற்பாட்டையே மாற்றினார். அவர் கட்சிக்குள்ளேயே நிதானம் கேட்டவர்கள் 'ஈரமானவர்கள்' என்று இகழப்பட்டார்கள். இருப்பதைக் காக்க 1984-85இல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அங்கே மாற்றக்காரர் வலதுசாரி, காவல்காரர் இடதுசாரி. சோவியத் நாட்டில் இது இன்னும் தலைகீழ். கொர்பச்சேவின் சீர்திருத்தங்களை எதிர்த்து 1988 மார்ச்சில் வேதியியல் ஆசிரியை நீனா ஆந்திரேயேவா எழுதிய நீண்ட கடிதம், 1991 ஆகஸ்டில் மூன்று நாள் நீடித்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஆகியவற்றின் பின்னால் இருந்தவர்களை உலகப் பத்திரிகைகள் பழமைவாதிகள் என்றே எழுதின. அவர்கள் காக்க நினைத்தது கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியை. இந்தப் பயன்பாட்டில் தவறில்லை; இருப்பதைக் காப்பவர் என்ற பொருளுக்கு அது விசுவாசமாகவே இருக்கிறது.

அப்படியானால் உங்கள் உறவினரை, சொல்லின் கறாரான பொருளில், இந்த ஒரு விஷயத்தில் காப்பவர் என்று சொல்லலாம். பிற்போக்குவாதி என்று சொல்ல முடியாது. அவர் காப்பது முந்தைய தலைமுறை போராடி வாங்கிய ஓர் ஏற்பாட்டை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக ஏற்றது 1919இல். அதைத் தளர்த்துவது முன்னோக்கிய நடையா, பின்னோக்கிய நடையா என்பதுதான் சண்டையே. சண்டை முடியும் முன் ஒரு தரப்புக்குப் 'பின்னால் போகிறவர்' என்று முத்திரை குத்தினால் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விசாரணையைத் தொடங்குவதாகும். திருத்தம் நல்லதாகவே இருக்கலாம், அவர் வாதம் பிழையாகவே இருக்கலாம். அது தனியாகப் பேச வேண்டியது.

லுடைட்டுகள் என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், எந்திரத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் அஞ்சுகிறவர்களை இன்றும் அப்படித் திட்டுகிறார்கள். 1811இல் நாட்டிங்ஹாம்ஷயரில் காலுறை நெய்யும் எந்திரங்களை உடைத்தவர்கள் அவர்கள். அந்த எந்திரம் புதியதே அல்ல. வில்லியம் லீ அதைக் கண்டுபிடித்தது 1589இல், இருநூறு ஆண்டுக்கும் மேலாக அவர்களே அதில்தான் வேலை செய்து வந்தார்கள். அகலமாக நெய்த துணியை வெட்டித் தைத்து மட்டமான காலுறை விற்றவர்கள், தொழில் பழகாத ஆட்களை வைத்துக் கூலியைக் குறைத்தவர்கள் ஆகியோரின் எந்திரங்களைக் குறிவைத்துத்தான் பெரும்பாலும் உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவரின் எந்திரத்தைப் பல இடங்களில் தொடவில்லை. 1812இல் எந்திரத்தை உடைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அவர்கள் வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கூலித் தகராறு ஒன்று 'எந்திரத்துக்குப் பயந்த அறிவிலிகள்' என்ற பெயரோடு இருநூறு ஆண்டு வாழ்ந்துவிட்டதைப் பாருங்கள். தோற்றவர்களுக்குப் பெயர் வைப்பது வென்றவர்கள்.

'சீர்திருத்தம்' என்ற சொல்லுக்கும் இதே காவல் வேண்டும். சீர் என்று சொன்ன உடனேயே நல்லது என்ற முடிவு உள்ளே வந்துவிடுகிறது. எதிர்ப்பவர் தானாகவே சீர்கேட்டின் பக்கம் போய்விடுகிறார். ஓய்வூதிய முறையை மாற்றுவது, மானியத்தை நிறுத்துவது, தேர்வு முறையை மாற்றுவது என்று செயலைச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

ஆளுக்குப் பெயர் வைப்பதைவிட, அவர் வாதத்துக்குப் பெயர் வைப்பது பயன் தரும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1991இல் இருநூறு ஆண்டு விவாதங்களைப் பார்த்துவிட்டு, மாற்றத்தை எதிர்க்கும் வாதங்கள் மூன்று வகைக்குள் திரும்பத் திரும்ப விழுகின்றன என்றார். இந்த மாற்றம் நினைத்ததற்கு நேர் எதிரான விளைவைத் தரும். இது எதையும் மாற்றாது, வீண் வேலை. இது முன்பு கிடைத்த ஒரு நன்மையை ஆபத்தில் தள்ளும். உங்கள் உறவினர் சொல்வது மூன்றாவது வகை போலத் தெரிகிறது. முதல் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்: ஒன்றுமே நடக்காது என்பவரும் எல்லாம் தலைகீழாகும் என்பவரும் ஒரே மேடையில் நின்றால், ஒருவராவது தப்பாகச் சொல்கிறார். இந்த வகைகளில் விழுகிறது என்பதாலேயே வாதம் பொய் ஆகிவிடாது. சில திட்டங்கள் உண்மையாகவே எதிர்விளைவைத் தந்திருக்கின்றன. மாற்றம் கேட்பவர்களிடமும் இதேபோல் தேய்ந்த வாதங்கள் உண்டு என்று ஹிர்ஷ்மனே நேர்மையாக எழுதினார். ஆனால் இப்படிப் பிரித்துக் கேட்டால், சான்று எங்கே என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறது. 'நீ பிற்போக்குவாதி' என்று சொன்ன பிறகு கேட்க எதுவுமே மிச்சமில்லை.

கடைசியாகக் கட்டுரைக்கான பொதுச்சொல். எல்லாரையும் அடக்கும் ஒரே சொல்லைத் தேட வேண்டாம் என்பதே என் யோசனை. அப்படி ஒன்று கிடைத்தாலும் மேலே பிரித்த நால்வரையும் மறுபடி ஒன்றாகக் கட்டிவிடும். ஒருவர் தன்னைத் தானே பழமைவாதி என்றோ மரபுவாதி என்றோ அழைத்துக்கொண்டால் அப்படியே எழுதுங்கள். ஈரானில் ஒரு தரப்பு தங்களைக் 'கொள்கைப் பிடிப்பாளர்' என்று அழைத்துக்கொள்ள, வெளிநாட்டுப் பத்திரிகைகள் பழமைவாதி என்று எழுதுவதுபோல இரண்டும் வேறாக இருந்தால், இரண்டையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். முன்பு இருந்து ஒழிந்துபோன ஏற்பாட்டை மீட்க வேண்டும் என்று அவரே எழுதியோ பேசியோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிப் பிற்போக்கு என்று எழுதலாம். தன் வருமானமோ பதவியோ போகும் என்பதற்காக எதிர்ப்பவரைக் கொள்கைப் பெயரால் அழைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டால் பயன்பெறுகிறவர் என்றாலே போதும். இன்னும் முடிவெடுக்காமல் தயங்குகிறவரைத் தயங்குகிறவர் என்றே எழுதுங்கள், அவர்கள் எண்ணிக்கையில்தான் எந்த மாற்றமும் நிற்கிறது அல்லது விழுகிறது. மற்ற எல்லா இடத்திலும் 'எதிர்ப்பாளர்' என்ற வெறும் சொல்லோடு எதை எதிர்க்கிறார் என்பதைச் சேர்த்துவிடுங்கள்: வேலைநேரத் திருத்த எதிர்ப்பாளர், தனியார்மய எதிர்ப்பாளர், கோயில் நுழைவு எதிர்ப்பாளர். வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.